ஜெராக்ஸ் எடுக்கலாங்களா சார்?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காந்திபுரத்தில் ஒரு மாடி ஹாலில், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கான கூட்டம். நடத்தியவர் ஒரு கன்சல்டன்சிக்காரர். "நீங்க ஜெர்மனியில படிச்சவர், பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார். எண்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். பெருந்துறை, பல்லடம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும். சிலர் விடியற்காலை பஸ் பிடித்து வந்து, தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பேச்சு. குக்கரைப் பெட்டியில் வைக்கலாமா, ஊறுகாயை எப்படிக் கட்டுவது, ப்ளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்ட ரசீதை எந்த ஃபைலில் வைப்பது, ஸ்வெட்டரைத் திருப்பூரிலேயே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா. எல்லாம் உபயோகமான தகவல்தான், குறை சொல்லவில்லை. கடைசியில் சட்டதிட்டங்கள் என்று ஒரு ஸ்லைடு வந்தது. அதில் மூன்றாவது வரி: டோரண்ட் போடாதீர்கள். கன்சல்டன்சிக்காரர் அதை வாசித்துவிட்டு, "போட்டீங்கன்னா போலீஸ் ரூமுக்கே வந்துரும். விசா கேன்சல். அடுத்த ஃப்ளைட்ல கோயமுத்தூர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஸ்லைடு சிம் கார்டு பற்றியது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "ஏனுங்க சார், அப்ப புக்கை ஜெராக்ஸ் எடுக்கலாங்களா?"

"அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்மா" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். மைக் என் கையில்தான் இருந்தது. நானும் "யுனிவர்சிட்டி லைப்ரரியில கேட்டுக்கங்க" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றிலேயே நல்ல கேள்வி அதுதான். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் பட்ட கடன். கூடவே ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அந்த எண்பது பேருக்கும் அன்றைக்குப் பதிப்புரிமைச் சட்டம் என்ற பெயரில் சொல்லித்தரப்பட்டது பயம் மட்டுமே. இங்கே கன்சல்டன்சி அதைச் செய்கிறது, அங்கே பல்கலைக்கழகம் செய்கிறது. சட்டம் எதைத் தடுக்கிறது என்பதில் பாதியைச் சொல்கிறார்கள், அதுவும் தப்பாக. எதை அனுமதிக்கிறது என்பதை இரண்டு பேருமே சொல்வதில்லை.

*

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

2014 டிசம்பர். ஜெர்மனியில் எனக்கு மூன்றாவது மாதம். நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வீடு, இணைய இணைப்பு என் பெயரில். ஒரு நாள் தடித்த கவர் ஒன்று வந்தது. ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து. இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நிமிடத்தில், உங்கள் இணைப்பிலிருந்து இன்ன ஹாலிவுட் படம் பகிரப்பட்டிருக்கிறது, எண்ணூற்றுச் சொச்சம் யூரோ கட்டவும், இத்துடன் இணைத்துள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்பவும், பத்து நாள் கெடு. படத்தை இறக்கியவன் நான்தான். அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போன படம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா தோட்டத்துப் பத்திரத்தை வைத்து வாங்கிய கல்விக்கடன். விசா போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, கோபியில் மாமன் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது. மறுநாளே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பணத்தை மூன்று தவணையாகக் கட்டினேன். அப்பாவிடம் லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். "பரவால்ல சாமி, படிப்புக்குத்தானே" என்று அவர் பணம் அனுப்பியது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு வருடம் கழித்துத்தான் சில விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, நான் மாட்டியது படம் பார்த்ததற்காக அல்ல. டோரண்ட் மென்பொருள், இறக்கிய துண்டுகளை அப்போதே மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். அந்த ஏற்றுமதியைத்தான் வக்கீல் அலுவலகங்கள் கண்காணிக்கின்றன. சட்டத்தின் பார்வையில் நான் விநியோகஸ்தன். கணினிப் பொறியியல் படித்த எனக்கு அந்த நெறிமுறை வரிவரியாகத் தெரியும். தேர்வில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு என்பது தெரியாது. இரண்டு, அது சிவில் விவகாரம், போலீஸ் வீட்டுக்கு வருகிற கேஸ் அல்ல. மூன்று, கூட வந்த உறுதிமொழியை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பக் கூடாது. அது வக்கீலின் கட்சிக்காரருக்குச் சாதகமாக எழுதப்பட்டது, பல ஆண்டுகள் நம்மைக் கட்டிப்போடும். திருத்திய வாசகத்தில் அனுப்பலாம், தொகையைப் பேசிக் குறைக்கலாம். நான்காவதுதான் கொடுமை. எங்கள் மாணவர் மன்றம் வாரம் ஒரு நாள் இலவசமாக ஒரு வக்கீலை உட்காரவைத்திருந்தது. அவருடைய அறை, நான் தினமும் சாப்பிடப் போகும் உணவுக்கூடத்துக்கு நேர் மேல்மாடியில் இருந்தது.

நான் செய்தது தப்பு, அதை மறைக்கவில்லை. தப்புக்கு உரிய விலை எவ்வளவு என்று தெரியாததால் கேட்ட விலையைக் கொடுத்தேன் என்பதுதான் விஷயம். பயந்தவன் பேரம் பேசமாட்டான். அந்தக் கடிதங்கள் அச்சடிக்கப்படுவதே அந்த நம்பிக்கையில்தான்.

*

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனியில் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரு எல்லைக்குள். ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 53-வது பிரிவு சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அதற்கும் இரண்டு விலக்குகள் உண்டு. புத்தகம் இரண்டு ஆண்டுகளாவது அச்சில் இல்லாமல் இருந்தால் சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். இன்னொன்று, கையால் எழுதிக்கொள்வதாக இருந்தால் முழுப் புத்தகத்தையும் எழுதிக்கொள்ளலாம். இம்போசிஷன் எழுதிப் பழகிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்றே போட்டதுபோல ஒரு விலக்கு. 2018 மார்ச்சிலிருந்து இன்னும் தெளிவு. பாடம் நடத்த ஒரு நூலில் 15 சதவீதம்வரை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். சொந்த அறிவியல் ஆய்வுக்கு 75 சதவீதம்வரை பிரதி எடுக்கலாம். எழுபத்தைந்து! ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்து, பட்டம் வாங்கி, வேலையும் பார்த்தேன். நாளைக்கு நூறு பேரிடமாவது டோரண்ட் பற்றிய எச்சரிக்கையைக் கேட்டிருப்பேன். இப்படி எல்லைகள் இருக்கின்றன என்று ஒருவரும் சொன்னதில்லை.

இந்த அனுமதி ஜெர்மானியரின் பெருந்தன்மை அல்ல. அங்கே ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், பென் டிரைவ் ஒவ்வொன்றின் விலையிலும் ஒரு சிறு தொகை பதிப்புரிமைக் கட்டணமாகச் சேர்ந்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரரும் பல்கலைக்கழகமும் தனியாகக் கட்டுகிறார்கள். அது ஒரு பொதுச் சங்கத்துக்குப் போய் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அதாவது அங்கே பிரிண்டர் வாங்குகிற கோயமுத்தூர் மாணவி, பிரதி எடுக்கும் உரிமைக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டாள். கொடுத்தது அவளுக்கே தெரியாது. பிரதி எடுக்கும்போது திருடிபோலக் கை நடுங்குகிறது.

அமெரிக்காவில் இந்தப் பயமுறுத்தலுக்குச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. 2008-ல் வந்த உயர்கல்வி வாய்ப்புச் சட்டத்தின்படி, அரசு நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்வி நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒரு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் பகிர்ந்தால் வழக்கு வரும், தண்டனைகளின் சுருக்கம் இது, எங்கள் கொள்கை இது என்று. அதே நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 107-வது பிரிவாக ‘ஃபேர் யூஸ்’ என்னும் நியாயமான பயன்பாடு இருக்கிறது. கல்வி, ஆராய்ச்சி, விமர்சனம் எல்லாம் அதில் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றியும் சொல்லுங்கள் என்று அந்த அறிவிப்பு விதி கட்டாயப்படுத்தவில்லை.

தண்டனையைச் சொல்வதில் தப்பில்லை, தண்டனை நிஜம். பாஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஜோயல் டெனன்பாம் முப்பது பாடல்களைப் பகிர்ந்ததற்கு 2009-ல் ஜூரி விதித்த தொகை 6,75,000 டாலர். நம்மூர்ப் பையனுக்கு அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கனடா போகிறவனுக்கு அதையே சொல்லி அனுப்பினால் அது தப்பான தகவல். கனடாவில் வியாபார நோக்கமில்லாத மீறலுக்குச் சட்டப்படி விதிக்கப்படும் இழப்பீடு மொத்தமே 5,000 டாலருக்குள். அங்கே 2015-லிருந்து இணைய நிறுவனங்கள் உரிமையாளர்களின் நோட்டீஸை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். சிலர் அந்த நோட்டீஸிலேயே "இவ்வளவு கட்டி முடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் காசு பார்த்தார்கள். 2018 டிசம்பரில் அப்படிப் பணம் கேட்பதையே சட்டத்திருத்தம் தடை செய்தது. இது தெரிந்த மாணவன் நோட்டீஸைப் படித்துவிட்டு டோரண்டை நிறுத்துவான். தெரியாதவன் என்னைப்போல அப்பாவுக்கு ஃபோன் போடுவான்.

*

அங்கே சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கு ஒரு மணிநேர வகுப்பு இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும். ஜெர்மன் மாணவர்களுக்கு அது கிடையாது. வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர், சிரித்த முகம். "உங்களில் பலர், பிரதி எடுப்பது இயல்பாகக் கருதப்படும் கலாசாரங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தார். என்னைச் சுற்றி இந்தியர்கள், சீனர்கள், ஈரானியர்கள், கேமரூன்காரர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இன்றைக்கு அந்த அறையில் இருந்தால் இரண்டு விஷயம் சொல்வேன்.

முதலாவது, அந்த வகுப்பு இரண்டு வேறு குற்றங்களைப் போட்டுக் குழப்பியது. அடுத்தவர் எழுத்தைத் தன் எழுத்து என்று காட்டுவது கருத்துத் திருட்டு. உரிமையாளர் அனுமதியின்றிப் பிரதி எடுப்பது, பகிர்வது பதிப்புரிமை மீறல். பாரதியார் கவிதை ஒன்றை என் பெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால் அது சுத்தமான திருட்டு. ஆனால் பதிப்புரிமை மீறல் இல்லை. அவர் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-லேயே வாங்கி, பிறகு பொதுச்சொத்தாக்கிவிட்டது. மறுபக்கம், அல்காரிதம் பாடநூல் ஒன்றை அட்டையோடு, ஆசிரியர் பெயரோடு ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டால் அதில் கருத்துத் திருட்டு துளியும் இல்லை. பதிப்புரிமைக் கேள்வி மட்டும் இருக்கிறது. ஒன்று பல்கலைக்கழக ஒழுங்கு விதி, மற்றது நாட்டின் சட்டம். இந்தக் குழப்பம் நம் மொழியிலும் இருக்கிறது. பேட்டண்டுக்கும் காப்புரிமை, காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்றே நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பெயரே ஒன்றாக இருந்தால் பிள்ளைகள் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்?

இரண்டாவது, கலாசாரம் என்ற வார்த்தை. இலக்கியப் படைப்புகளுக்கான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவாக, 1928-ல் சேர்ந்தது. அமெரிக்கா சேர்ந்தது 1989-ல். நமக்கு அறுபத்தோரு வருடம் பின்னால். 1891 வரை அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பதிப்புரிமையே தரவில்லை. சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களை அங்கே இஷ்டத்துக்கு அச்சடித்து விற்றார்கள். 1842-ல் போய் அவர் நேரிலேயே முறையிட்டும் பலனில்லை. அதை யாரும் அமெரிக்கக் கலாசாரம் என்று சொல்வதில்லை, வளரும் நாட்டின் பொருளாதாரம் என்கிறார்கள். நாம் செய்தால் கலாசாரம். 1967-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கல்விக்காகப் பிரதி எடுக்கவும் மொழிபெயர்க்கவும் வளரும் நாடுகளுக்குச் சலுகை வேண்டும் என்று முன்னின்று வாதாடிய நாடு இந்தியா. திருடுகிறவன் மாநாட்டுக்குப் போய் விதியை மாற்றச் சொல்லிக் கேட்கமாட்டான்.

என் பிரதி எடுக்கும் பழக்கம் எந்தக் கலாசாரத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் படித்த சுயநிதிக் கல்லூரியின் நூலகத்தில் அறுபது பேருக்கு ஒரு பாடத்தில் நான்கு புத்தகம் இருந்தது. அதில் இரண்டு ‘ரெஃபரன்ஸ்’ என்று கண்ணாடி அலமாரிக்குள். பீளமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாதான் எங்களுக்கு நூலகர். பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும், "எந்த ரைட்டர் வேணும் தம்பி?" என்பார். பக்கத்துக்கு ஐம்பது பைசா, பைண்டிங் தனி. நாங்கள் படித்த ஒழுக்கவியல் பாடத்தில் அறிவுசார் சொத்துரிமை ஒரு தலைப்பாக வந்தது. அதையும் அந்தக் கடை ஜெராக்ஸில்தான் படித்தோம். அங்கே சிரித்தவர்கள்கூட யாரும் இல்லை.

*

அந்த ஒழுக்கவியல் வகுப்பில் நம் சட்டத்தையாவது சொல்லியிருக்கலாம். 1957-ம் வருடத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி உட்பட, சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளல் அதில் முதலில் வருகிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும்போது அதற்காகப் பிரதி எடுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

இந்த வரியைக் கோர்ட்டில் உரசிப் பார்த்த வழக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை வழக்குதான். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்ற சின்னக் கடை. பேராசிரியர்கள் சொன்ன அத்தியாயங்களைத் தொகுத்துப் பாடத் தொகுப்பாக விற்றது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களையும் வழக்கில் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதை நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா அதில் நினைவுகூர்ந்திருந்தார். அந்த டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, பாடத்தின் தேவை நியாயப்படுத்தும் அளவுக்குப் பிரதி எடுக்கலாம் என்று சொல்லி, தொகுப்புகள் அந்த அளவுக்குள்தான் இருந்தனவா என்பதை மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017-ல் பதிப்பாளர்கள் வழக்கையே விலக்கிக்கொண்டார்கள்.

இந்தத் தீர்ப்பு எங்கள் பீளமேட்டு அண்ணாவுக்கு முழு லைசென்ஸ் கொடுக்கவில்லை. பாடத்துக்கான அத்தியாயங்கள் வேறு, முழுப் புத்தகத்தை அடுக்கிவைத்து விற்பது வேறு. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று பேசவாவது அது ஒரு இடம். அவிநாசி சாலை நெடுகக் கல்லூரிகள் இருக்கிற ஊர் இது. மாணவர்களுக்காகவே நடந்த இந்த வழக்கின் பெயரை நான் முதலில் கேள்விப்பட்டது ஜெர்மனியில், ஒரு பெல்ஜியம்காரன் சொல்லி. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

தெரிந்துகொண்டு போராடினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு மாணவனின் வழக்கும் இருக்கிறது. நம்மூர்ப் பாடநூல்களின் அட்டையில் "இந்தியா, நேபாளம், இலங்கையில் மட்டும் விற்பனைக்கு" என்று போட்டிருக்குமே, அந்த மாதிரியான ஆசியப் பதிப்பு பற்றியது. தாய்லாந்திலிருந்து அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போன கணித மாணவர் சுபாப் கிர்ட்சாங். அமெரிக்காவில் எக்கச்சக்க விலை, தாய்லாந்தில் அதே புத்தகம் மலிவு. குடும்பத்தை விட்டு அங்கே வாங்கி அனுப்பச் சொல்லி இங்கே விற்றார். விற்பதற்கு முன் நண்பர்களிடம் கேட்டார், இணையத்தில் ‘கூகுள் ஆன்சர்ஸ்’ பக்கத்தில் பார்த்தார். தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஒரு வெளிநாட்டு மாணவனுக்கு அவ்வளவுதான் சட்ட ஆலோசனை. 2008-ல் ஜான் வைலி நிறுவனம் வழக்குப் போட்டது. ஜூரி விதித்தது 6,00,000 டாலர். அவர் விடவில்லை. 2013 மார்ச் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அச்சாகி விற்கப்பட்ட பிரதியை, அது எந்த நாட்டில் அச்சானதானாலும், வாங்கியவர் திரும்ப விற்கலாம். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்காரருக்குப் பிறக்கும்போதே தெரிந்த நியாயம்தான். அதை நிலைநாட்ட ஒரு மாணவன் ஐந்து வருடம் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. நான் எண்ணூறு யூரோ கடிதத்துக்கு ஒரே ராத்திரியில் கையெழுத்துப் போட்டவன் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

*

இதையெல்லாம் படிக்கிற சிலர் இந்நேரம் குஷியாகியிருப்பீர்கள். "அதானே, அறிவு எல்லாருக்கும் பொது, பிடிஎஃப் போட்டால் என்ன தப்பு" என்று. இருங்கள், உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

சரவணம்பட்டியில் என் அலுவலகத்தில், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் தமிழ் நாவல்களின் பிடிஎஃப்பை டெலிகிராமில் பகிர்ந்துகொள்கிறார்கள். புத்தகத் திருவிழாவில் அதே நாவலை 300 ரூபாய்க்கு வாங்க யோசிக்கிறார்கள், வெளியே வந்து 400 ரூபாய்க்குக் காபியும் கேக்கும் சாப்பிடுகிறார்கள். கேட்டால் "ஏழை மாணவர்களுக்கு உதவும்" என்கிறார்கள். ஏழை மாணவனின் பெயரில் இவர்கள் சேர்த்துவைக்கும் நூலகத்தில் அவன் ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை. தமிழில் சில நூறு பிரதிகள் அச்சாகிற நாவலின் ஆசிரியருக்குக் கிடைப்பது சொற்பம். அதையும் பறிப்பதற்கு 52-வது பிரிவில் இடம் இல்லை. ஜெர்மன் சட்டத்தில் இல்லை, ஃபேர் யூஸிலும் இல்லை.

அந்தப் பெண் பாடத்துக்காக இரண்டு அத்தியாயம் ஜெராக்ஸ் எடுப்பதும், இவர்கள் முந்நூறு நாவலைப் பொதுவில் கொட்டுவதும் ஒன்றல்ல என்று சொல்ல வேண்டும் என்றால், சட்டத்தை முழுதாகச் சொல்லித்தந்தாக வேண்டும். பயமுறுத்தல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. மூட்டைக்குள் பாதி பொய் என்று தெரிந்தவுடன் பையன்கள் மொத்த மூட்டையையும் தூக்கி எறிகிறார்கள். வி.பி.என் எது நல்லது என்பதுதான் அடுத்த கேள்வி. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள்.

*

இன்னொன்றையும் எந்த வகுப்பும் சொல்வதில்லை: நீங்களும் ஆசிரியர்தான்.

என் பேட்ச் நண்பன் ஒருவன், உடுமலைக்காரன். மாஸ்டர் தீசிஸை ஒரு கம்பெனியில் செய்தான். ஏழு மாதம் ராத்திரி பகலாக எழுதிய நிரல். முதல் நாளே நீட்டிய ஜெர்மன் ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான். முடிந்தபின் அந்த நிரலை ஓப்பன் சோர்ஸாக வெளியிட ஆசைப்பட்டான். அந்த உரிமையை முழுதாக எழுதிக்கொடுத்துவிட்டாய் என்றார்கள். ஜெர்மனியில் மாணவர் எழுதும் தீசிஸ் மாணவருடைய படைப்பு. பதிப்புரிமையை அங்கே விற்கவே முடியாது. பயன்படுத்தும் உரிமையைத்தான் ஒப்பந்தம் மூலம் கொடுக்க முடியும். அதை எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு, தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டா என்றெல்லாம் பேச முடியும். கேட்டால் கொடுத்திருப்பார்களா தெரியாது. கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"டோரண்ட் போடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை, பதிப்புரிமை என்றாலே யாரோ ஒரு ஹாலிவுட்காரனின் சொத்து, தன்னை அடிக்கிற தடி என்று நினைக்கிறது. தன் நிரலுக்கும், தன் கட்டுரைக்கும், தன் வரைபடத்துக்கும் அதே சட்டம்தான் வேலி என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் வேலியைப் பார்க்கும் பார்வையும் மாறும். நேர்மையை வளர்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

*

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்றாம் வருடத்தில் ஒரு மணிநேரம். ஜெராக்ஸ், பிடிஎஃப், டோரண்ட், அடுத்தவர் நிரல், என் தீசிஸ் என்று ஐந்து கேள்வி. இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது, போகிற நாட்டில் என்ன மாறுகிறது. நோட்டீஸ் வந்தால் முதலில் யாரைப் பார்ப்பது. இதைக் கன்சல்டன்சிக்காரரும் செய்யலாம். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் ஒரு ஸ்லைடு சரியாகப் போடலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அந்த வகுப்பை எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து வைக்கட்டும். டோரண்ட் போடும் ஜெர்மன் மாணவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

கல்லூரிகளுக்கு வேறு வேலை இருக்கிறது. மத்திய அரசு 6,000 கோடி ரூபாயில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை 2025-ல் தொடங்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தடாகம் சாலையில் இருக்கிற அரசுப் பொறியியல் கல்லூரி மாணவனுக்கு உண்டு, அவன் தங்கை படிக்கிற சுயநிதிக் கல்லூரிக்குக் கிடையாது. கொங்குப் பக்கம் பொறியியல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தங்கையின் நிலையில்தான் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கும் கல்லூரிகள் சேர்ந்து சந்தா கட்ட வேண்டும், அல்லது எங்களையும் சேருங்கள் என்று அரசிடம் கேட்க வேண்டும். இரண்டும் செய்யாமல், ஒழுக்கவியல் பாடத்துக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி போடுவதில் அர்த்தம் இல்லை.

கன்சல்டன்சிக்காரர் அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார். போகப்போகிறேன், அந்த ஸ்லைடை நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் இந்நேரம் விமானம் ஏறியிருப்பாள். எங்கே இருந்தாலும் சரி, பதில் இதுதான்:

எடுக்கலாம் அம்மிணி. ஜெர்மனியில் உன் படிப்புக்கு வேண்டிய அத்தியாயங்களைத் தாராளமாக எடு. ஆய்வு என்றால் முக்கால் புத்தகம்வரை எடுக்கலாம். முழுப் புத்தகம் வேண்டுமானால் லைப்ரரியில் கேள், வாங்கித்தருவார்கள். எடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்பாதே. தடித்த கவர் ஏதாவது வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே, அப்பாவுக்கும் உடனே ஃபோன் போடாதே. முதலில் உன் யுனிவர்சிட்டியில் மாணவர் மன்றத்து வக்கீல் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரி. பெரும்பாலும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.